அசை பிரித்தால் பிழை குறையும்

சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டருக்கும் நோட்டீசுக்கும் புரூஃப் பார்ப்பது என் வேலை. அங்கே கற்றதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பலன் தந்தவை இவை.

1. நீளமான சொல்லைப் படிக்கப் பிள்ளை திணறினால் கைதட்டிப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு தட்டுக்கு ஓர் அசை: பட்–டா–சு, மத்–தாப்–பு, அருப்–புக்–கோட்–டை.

2. இரண்டு குறில் சேர்ந்தால் ஓர் அசை. குறிலை அடுத்து நெடில் வந்தாலும் அப்படியே. பின்னால் வரும் புள்ளி எழுத்தை முன் அசையோடு சேர்த்துவிட வேண்டும். சிவ–கா–சி. பள்ளியில் படித்த நேரசை, நிரையசைதான் இது.

3. தீபாவளி நெருங்கினால் ‘பட்டாசு விற்ப்பனை’ என்று பலகைகள் முளைக்கும். விற்–பனை என்று தட்டிப் பாருங்கள். ‘ற்’ வந்ததும் அசை முடிந்துவிடுகிறது, ‘ப்’புக்கு அங்கே இடமில்லை. தமிழ்ச் சொல்லில் ட், ற் இரண்டையும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. முயற்சி, பயிற்சி, அதற்கு, நட்பு, வெட்கம் எல்லாம் இந்தக் கணக்குத்தான். ய், ர், ழ் அப்படியல்ல: வாய்ப்பு, பார்த்தான், வாழ்த்து. ஒருமுறை ‘முயற்ச்சி’ என் கண்ணுக்குத் தப்பி அச்சேறிவிட்டது. அத்தனை நோட்டீசையும் மறுபடி ஓட்டினோம். அன்றிலிருந்து ‘ற்’ வந்தால் சிவப்புப் பேனாவோடு ஒரு நொடி நின்றுவிடுவேன்.

4. எச்–சரிக்–கை என்னும்போது ‘ச்’சில் நின்று அழுத்த வேண்டும். பட்–டா–சு என்னும்போது ‘சு’ மெலிந்து ஒலிக்கும். பட்டாசுப் பெட்டியில் உள்ள எச்சரிக்கையைப் பிள்ளையை விட்டே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். உச்சரிப்பும் திருந்தும், கொளுத்தும்முன் கவனமும் வரும்.

5. வரி முடிவில் சொல்லை உடைக்க நேர்ந்தால் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது. ‘தீப்–பெட்டி’ சரி, ‘தீ–ப்பெட்டி’ தவறு.

6. யாப்புக் கணக்கில் விருதுநகர், விரு–துந–கர் ஆகும். எழுத்துக்கூட்ட அது உதவாது. விருது–நகர் என்று பொருள் பார்த்துப் பிரியுங்கள். 1923 வரை அது விருதுபட்டி. பட்டிதான் நகராயிற்று, விருது அப்படியே நின்றது.

7. ர–ற, ல–ள–ழ குழப்பத்தை அசை தீர்க்காது. பிள்ளை படிக்கும் இடத்தில், கைக்கு எட்டும்படி ஓர் அகராதி வாங்கி வையுங்கள்.