கண்ணி கூட்டலும் குறைத்தலும்

தறியில் நெய்த துணி நேராகவே வரும். அதற்கு வளைவு வேண்டுமாயின் கத்தரித்துத் தைத்தல் வேண்டும். குரோஷாப் பின்னலிலோ கத்தரிக்கு வேலையில்லை. கண்ணிகளைக் கூட்டினால் பின்னல் அகலும், குறைத்தால் ஒடுங்கும். அன்னவாசல் வட்டாரத்து நெசவாளர், விவசாயிகளின் இல்லத்துப் பெண்மணிகள் இதனை உபதொழிலாகக் கொள்வதாயின், முதலில் பயில வேண்டியது இக்கணக்கேயாகும்.

கூட்டல் என்பது, கீழ்ச்சுற்றின் ஒரு கண்ணியினுள் இரண்டு கண்ணிகள் போடுவது. குறைத்தல் என்பது, அடுத்தடுத்த இரு கண்ணிகளை முடிக்காமல் ஊசியில் நிறுத்தி, ஒரே இழுப்பில் ஒன்றாக்குவது. ஒரு கண்ணியைத் தாண்டிச் சென்றாலும் எண்ணிக்கை குறையும். ஆயின் அவ்விடத்தில் துளை தெரியும்.

வட்ட விரிப்பை எடுத்துக்கொள்வோம். குட்டைக் கண்ணியாயின் முதற் சுற்றில் 6 கண்ணிகள். பின் 12, 18, 24 என்று சுற்றுக்கு 6 கூட வேண்டும். காரணம் யாதெனில், வட்டத்தின் சுற்றளவு அதன் ஆரத்தைப்போல் ஏறக்குறைய ஆறேகால் மடங்கு; குட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். ஊசியில் ஒருமுறை நூல் சுற்றிப் போடும் நெட்டைக் கண்ணி அதனினும் ஏறத்தாழ இருமடங்கு உயரமாதலின், அதற்குச் சுற்றுக்கு 12 கூட்டுதல் வேண்டும்.

கூட்டல் குறைந்தால் விரிப்பு கிண்ணம்போல் குழியும். மிகுந்தால் ஓரம் கொசுவம்போல் அலையும். கூட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் வட்டம் அறுகோணமாகும். ஆகவே சுற்றுக்குச் சுற்று இடம் மாற்றுக. பை வேண்டுமாயின், அடிவட்டம் போதிய அளவு வந்ததும் கூட்டலை நிறுத்துக. சுவர் தானே எழும். பந்துக்கு, 36 கண்ணிகள் வரை கூட்டி, ஆறு சுற்றுகள் மாற்றமின்றிப் பின்னி, பஞ்சடைத்துக்கொண்டே சுற்றுக்கு 6 வீதம் குறைத்து முடிக்க வேண்டும்.

இக்கணக்கைப் பின்னுபவரே அறிதல் ஏன் அவசியம்? ஆந்திர மாநிலத்து நரசாப்பூர் குரோஷா லேஸ் 2024-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற புகழுடையது. ஆயினும், ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட ஆய்வு நூல், அங்கு ஒருத்தி பூ மட்டும் பின்ன, மற்றொருத்தி அவற்றை இணைக்க, தரகரும் வியாபாரிகளும் நூல் கொடுத்துச் சரக்கைப் பெற்றதை விவரிக்கிறது. பின்னியோருக்குக் கிட்டிய கூலி மிகச் சொற்பம். துண்டு மட்டும் அறிந்தவர் முழுப்பொருளுக்கு விலை பேசுவது அரிது.

ஆதலின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு பொருளையேனும் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே பின்னிப் பழகுதல் நன்று. நூலின் எண், ஊசியின் அளவு, சுற்றுதோறும் கண்ணித் தொகை, செலவான நேரம் ஆகியவற்றை நோட்டில் குறித்து வருக. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எண்ணிப் பார்த்தால் பிழை ஒரு சுற்றோடு நிற்கும். பத்துச் சுற்றுகளைப் பிரிக்க நேராது. அக்குறிப்பேடு கையிலிருப்பின், ஆறு விரிப்புகளை ஆறு பேர் பின்னினும் அளவு ஒத்திருக்கும். சங்கக் கூட்டத்தில் கூலி நிர்ணயிக்கும்போது தக்க ஆதாரமாகவும் அதுவே நிற்கும்.