ஷேர் ஆட்டோ, ஆப் டாக்ஸி விபத்து: பணம் தர வேண்டியது யார்? கம்ப்யூட்டரில் கண்டுபிடிப்போம்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. பாட்டுக் கேட்கிறோம், ரயில் டிக்கெட் எடுக்கிறோம், மின் கட்டணம் கட்டுகிறோம். விபத்து என்று வந்தால் மட்டும் கம்ப்யூட்டரை மறந்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் யாரோ ஒருவர் சொல்வதை நம்பிவிடுகிறோம். அந்த நேரத்தில் நம் வீட்டுக் கம்ப்யூட்டர் செய்யக்கூடிய மூன்று வேலைகளை இந்தப் பாடத்தில் பார்ப்போம். வண்டியின் விவரம் எடுப்பது, ஆதாரங்களைச் சேமிப்பது, எக்ஸெல்லில் இழப்பீட்டைக் கணக்கிடுவது.

நான் இருப்பது பழனியில். பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரத்துக்குக் குதிரை வண்டி, ஆட்டோ, ஷேர் ஆட்டோ, வாடகைக் கார் என எல்லாமே ஓடும். இப்போது மொபைலில் கூப்பிடும் ஆப் வண்டிகளும் எல்லா ஊர்களிலும் பெருகிவிட்டன. தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஏழு பேர் உட்கார்ந்து போவதைப் பார்க்கலாம். அந்த வண்டி கவிழ்ந்தால் யார் பொறுப்பு?

யார் யார் பொறுப்பு?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் கணக்கு எளிமையானது. தவறு செய்தவர் ஓட்டுநர். அவர் செய்த தவறுக்கு வண்டியின் உரிமையாளரும் பொறுப்பு. உரிமையாளருக்காகப் பணம் கட்டுவது இன்சூரன்ஸ் கம்பெனி. சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிறது 146-ஆவது பிரிவு. வாடகை வண்டியில் முறையாகப் பயணம் செய்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

இங்கே ‘உரிமையாளர்’ என்றால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர். ஆட்டோ நான்கு கை மாறியிருக்கலாம். பெயர் மாற்றவில்லை என்றால் பழைய பெயர்க்காரர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. பழைய வண்டியை விற்ற வாசகர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால், நடுவில் அகப்பட்ட பயணி ‘யார் மேல் தப்பு?’ என்று காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு தரப்பிடமும் கேட்கலாம், ஒரு தரப்பிடம் மட்டும் முழுத் தொகையையும் கேட்கலாம். 2015-இல் வந்த கென்யெய் வழக்குத் தீர்ப்பு இது.

இன்டர்நெட்டில் தேடினால் அமெரிக்கக் கட்டுரைகள்தான் முதலில் வரும். கலிஃபோர்னியாவில் ஆப் அணைந்திருந்ததா, சவாரிக்குக் காத்திருந்ததா, சவாரியில் இருந்ததா என்று பார்த்து இன்சூரன்ஸ் மாறும். நம் ஊரில் பாலிசி வண்டியோடு ஒட்டியது. ஆப் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது அந்த வண்டியின் பாலிசியைத்தான். ஆப் நிறுவனங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்பது 2019 திருத்தத்தில் 93-ஆவது பிரிவில் சேர்ந்தது. ஆப் மூலம் போன பயணத்தில் அந்த நிறுவனத்தையும் வழக்கில் சேர்க்கலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

கம்பெனி கைவிரிக்கும் இடங்கள்

ஒன்று, வெள்ளை போர்டு. சொந்த உபயோகக் காரையோ பைக்கையோ வாடகைக்கு ஓட்டினால், பெர்மிட் இல்லை என்று சொல்லிக் கம்பெனி மறுக்க 150-ஆவது பிரிவில் இடம் உண்டு. பெர்மிட் இல்லாத லாரி தொடர்பான அம்ரித் பால் சிங் வழக்கில் (2018), ‘முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்’ என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்றது. எல்லா வழக்கிலும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஏறும்முன் போர்டைப் பாருங்கள். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. மின்சார வாடகை வண்டிக்குப் பச்சை போர்டில் மஞ்சள் எழுத்து.

இரண்டு, லைசென்ஸ். ‘ஓட்டுநரிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது, ஆட்டோ ஓட்டத் தனி அனுமதி இல்லை’ என்று கம்பெனிகள் வாதாடி வந்தன. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டிக்கு இலகு ரக லைசென்ஸே போதும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. லைசென்ஸே இல்லாத ஓட்டுநர் என்றாலும் பாதிக்கப்பட்டவருக்கு வழி உண்டு என்பதை 2004-இன் ஸ்வரண் சிங் தீர்ப்பு காட்டியது.

மூன்று, கூடுதல் ஆட்கள். இதுதான் நம் ஷேர் ஆட்டோ பிரச்சனை. பாலிசியில் மூன்று பயணிகள், வண்டியில் ஏழு பேர் என்று வையுங்கள். அஞ்சனா ஷியாம் வழக்கின் (2007) வழிப்படி, ஏழு பேருக்குத் தீர்ப்பான தொகைகளில் பெரியவை மூன்றைக் கூட்டி, அதை மட்டும் கம்பெனி கட்டும். அந்தப் பணத்தை ஏழு பேரும் விகிதப்படி பிரித்துக்கொள்ள வேண்டும். மீதிக்கு உரிமையாளரைத்தான் பிடிக்க வேண்டும். நெருக்கி உட்காரும்போது நம் இன்சூரன்ஸையும் சேர்த்துத்தான் பங்கு போடுகிறோம்!

முதல் வேலை: வண்டி விவரம்

பிரௌசரைத் திறந்து பரிவாஹன் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு தளத்துக்குச் செல்லுங்கள். ‘நோ யுவர் வெஹிக்கிள் டீட்டெயில்ஸ்’ என்ற பகுதியைக் கிளிக் செய்து, உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்து உள்ளே நுழையுங்கள். வண்டி எண்ணை டைப் செய்தால் வண்டியின் வகை, தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்ற விவரங்கள் வரும். உரிமையாளர் பெயர் பாதி மறைக்கப்பட்டிருக்கும். முழு விவரம் போலீஸ் ஆவணத்தில் கிடைக்கும்.

இதை விபத்து நடந்த அன்றே செய்யுங்கள். பிறகு பாலிசியைப் புதுப்பித்துவிட்டால் தளத்தில் புதிய தேதி வந்துவிடும். வந்த பக்கத்தில் கன்ட்ரோல், பி விசைகளைச் சேர்த்து அழுத்தி, பிரின்டர் பட்டியலில் ‘மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’ என்பதைத் தேர்வு செய்தால் பக்கம் அப்படியே ஃபைலாகச் சேமிக்கப்படும்.

இரண்டாம் வேலை: ஆதாரங்கள்

டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி விபத்துத் தேதியையே பெயராக வையுங்கள். ஆப் பயணம் என்றால் பயண ரசீது வந்த இமெயில், ஓட்டுநர் பெயர், வண்டி எண், வழி காட்டும் வரைபடம் ஆகியவை உள்ளே போகட்டும். மொபைலில் எடுத்த போட்டோக்களை யுஎஸ்பி கேபிள் மூலம் காப்பி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். ஒரிஜினல் படத்தை வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் ஃபைலின் ‘ஹேஷ்’ மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஃபைலில் ஒரு சிறு மாற்றம் செய்தாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தின் குடிமக்கள் சேவைப் பகுதியில் எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம், விபத்து வழக்கு ஆவணங்களையும் பெறலாம். 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாம் வேலை: எக்ஸெல் கணக்கு

எங்கள் பகுதியில் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருவருக்கு ஷேர் ஆட்டோ கவிழ்ந்து கால் முறிந்தது. நாற்பதாயிரம் தருவதாகச் சொல்லி, வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்டார் ஒரு இடைத்தரகர். “தம்பி, இந்தப் பணம் சரிதானா?” என்று அக்கா கேட்டபோது நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. செல் பெயர்களையும் ஃபார்முலாவையும் ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

டி1 முதல் டி10 வரை: 15, 26, 31, 36, 41, 46, 51, 56, 61, 66.
இ1 முதல் இ10 வரை: 18, 17, 16, 15, 14, 13, 11, 9, 7, 5.

இது 2009-இல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த, வயதுக்கேற்ற பெருக்கெண் பட்டியல். இனி,

பி1: வயது 34
பி2: மாத வருமானம் 12000
பி3: வருங்கால உயர்வு 40%
பி4: வேலைத்திறன் இழப்பு 20%
பி5: =விலுக்கப்(பி1,டி1:இ10,2)
பி6: =பி2*(1+பி3)*12*பி5*பி4

என்டர் தட்டுங்கள். பி5-இல் 16 வரும். பி6-இல் 6,45,120 வரும். இதற்கு மேல் மருத்துவச் செலவு, வலி, வேலைக்குப் போக முடியாத நாட்கள் எல்லாம் தனி. அக்கா கையெழுத்துப் போடவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பாயம் வருமானத்தையோ சதவீதத்தையோ குறைத்து எடுக்கலாம். ஆனால் நாற்பதாயிரத்துக்கும் ஆறரை லட்சத்துக்கும் உள்ள தூரம் இப்போது அவருக்குத் தெரியும்.

பி3-இல் போடும் உயர்வு 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பிலிருந்து வருகிறது. சுயதொழிலுக்கு 40 வயதுக்குள் 40%, 40 முதல் 50 வரை 25%, 50 முதல் 60 வரை 10%. நிரந்தர வேலை என்றால் முறையே 50, 30, 15. உயிரிழப்பு என்றால் பி4-இல் குடும்பத்துக்குச் சேரும் பங்கைப் போடுங்கள். மணமானவரைச் சார்ந்து 2 அல்லது 3 பேர் இருந்தால் =2/3, 4 முதல் 6 பேர் இருந்தால் =3/4, அதற்கு மேல் =4/5. மணமாகாதவருக்குப் பொதுவாக =1/2.

நினைவில் வைக்க

மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. பழனிக்கு வந்து அடிபட்ட சென்னைக்காரர் சென்னையிலேயே போடலாம். 2022 ஏப்ரலுக்குப் பிந்தைய விபத்துகளுக்குச் சட்டம் சொல்லும் கெடு ஆறு மாதம். யார் தவறு என்று நிரூபிக்க முடியாவிட்டாலும் 164-ஆவது பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்கலாம். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021-இல் தொடங்கியது.

பயிற்சி: உங்கள் சொந்த வண்டி எண்ணை இன்றே பரிவாஹன் தளத்தில் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ் தேதி முடிந்திருந்தால், பொறுப்பாளிகள் பட்டியலில் மிஞ்சுவது உங்கள் பெயர்தான். பார்த்த கையோடு புதுப்பித்துவிடுங்கள்.