ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது: கடலடி விளையாட்டை ஆடும் முறை

வில்லியனூரிலிருந்தோ பாகூரிலிருந்தோ கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் கடற்கரைக்குப் போய்விடலாம். அப்படியிருக்க, கடலைக் கணினித் திரையில் பார்ப்பானேன்? கரையில் நிற்பவர் கண்ணுக்கு அலையும் படகும்தான் தெரியும். மழைக்காலத்தில் சங்கராபரணியும் தென்பெண்ணையும் வண்டலைக் கொண்டுவந்து கொட்ட, கரையோரத் தண்ணீர் கலங்கிவிடும். நமக்கு மீன் அறிமுகமாவதே கூடையில், உயிர் போன பிறகுதான். அது நீந்தும் விதத்தையும் கூட்டம் சேரும் விதத்தையும் காட்ட ‘பியாண்ட் ப்ளூ’ போன்ற விளையாட்டு உதவும். ஆனால் முடித்துத் தள்ளும் வேகத்தில் ஆடினால் ஒன்றும் மிஞ்சாது. குறிப்பெடுத்து ஆட வேண்டும்.

பிபிசியின் ‘ப்ளூ பிளானட் 2’ தொடரின் தூண்டுதலில், கடல் ஆய்வாளர்களின் ஆலோசனையோடு ஈ-லைன் மீடியா 2020-இல் வெளியிட்ட விளையாட்டு இது. மிராய் என்ற ஆய்வாளராக நீங்கள் மேற்குப் பசிபிக் கடலில் இறங்குகிறீர்கள். முதல் வேலை, ஹெட்போனை மாட்டிக்கொள்வது. மிதவைக் கருவியில் கேட்கும் ஒலியை வைத்துத்தான் விலங்குகளைத் தேடிப் போக வேண்டும். இதில் ஆக்சிஜன் தீராது, சுட்டு வீழ்த்த எதிரியும் கிடையாது. ஆகவே அடுத்த இலக்குக்கு ஓடாமல், ஒரு மீன் கூட்டத்தின் பக்கத்தில் அசையாமல் நில்லுங்கள். அது விலகுகிறதா, சுற்றி வருகிறதா என்று பார்த்த பிறகு ஸ்கேன் செய்யுங்கள்.

அடுத்தது நோட்டுப் புத்தகம். விளையாட்டு சொல்லும் பெயர், நம் ஊர்ப் பெயர், தனியாகவா கூட்டமாகவா, மேல்தண்ணீரிலா ஆழத்திலா என்று நான்கு கட்டம் போதும். நம் ஊர்ப் பெயர் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். வாரம் ஒருமுறை மீன் கடைக்கோ மூர்த்திக்குப்பம் கரைக்கோ போய், திருக்கையையும் சுறாவையும் கணவாயையும் பார்த்து, “அக்கா, இது எந்த ஆழத்துல கிடைக்கும்?” என்று கேட்டால் கட்டம் நிரம்பும். விளையாட்டின் கதை முடிந்தபின் அதே இடங்களில் மறுபடியும் இறங்கி, கேட்டுவந்ததைச் சரிபார்க்கலாம்.

பசிபிக் மீன் நமக்கு எதற்கு என்பார்கள். இக்கதையின் மையமான ஸ்பெர்ம் திமிங்கலம் நம் வங்கக் கடலிலும் வாழ்வதுதான். அதன் குடலில் உருவாகும் அம்பர்கிரீஸைக் கடத்தியவர்கள் கைது என்ற செய்தியில் மட்டுமே நாம் அதைப் பார்க்கிறோம். ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிக் கணவாய் பிடிப்பதையும், டக் டக்கென்ற ஒலியால் தன் குடும்பத்தோடு பேசுவதையும் அந்தச் செய்தி சொல்வதில்லை. திரை பொய் சொல்லும் என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. உண்மையில் யாரும் காற்றுக் கணக்குப் பார்க்காமல் முக்குளிக்க முடியாது. பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் கடல் வலை வீசும் கடல் என்பதும் விளையாட்டில் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் ஏன் கரையில் நிற்கின்றன என்பதற்கான விடை படகுக்காரரிடம்தான் இருக்கிறது. திரையில் ஒரு மணி நேரம் போதும். மிச்சக் கேள்விகளோடு மீன் கடைக்குப் போங்கள்.