கதிரவனின் காந்தம்

காந்த ஊசி புவியின் காந்தப்புலத்தை உணர்ந்து வடக்கைக் காட்டுகிறது. ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் கனலும் கதிரவனுக்கு எந்த ஊசியைக் கொண்டுசெல்வது? அங்கிருந்து வரும் ஒளியையே ஊசியாகக் கொண்டனர் அறிவியலாளர்.

கதிரொளியை நிறமாலையாகப் பிரித்தால் இடையிடையே மெல்லிய கருங்கோடுகள் தென்படும். கதிரவனில் உள்ள இரும்பு முதலிய தனிமங்கள் ஒளியை உறிஞ்சுவதால் அவை தோன்றுகின்றன. காந்தப்புலம் நிறமாலைக் கோடுகளை அகலச் செய்வதை 1896ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டுப் பீட்டர் சீமன் கண்டறிந்தார். புலம் வலிதாயின் கோடு பிளவுபடும். அத்தகைய பிளவைச் சூரியப் புள்ளிகளில் 1908இல் கண்டவர், அமெரிக்காவின் வில்சன் மலையில் ஆய்வு செய்த ஜார்ஜ் எல்லரி ஹேல்.

காந்தப்புலத்தை அளக்கும் அலகு காஸ். புவியின் புலம் ஏறத்தாழ அரை காஸ்; சூரியப் புள்ளிகளிலோ ஆயிரக்கணக்கான காஸ். ஆகவே அது விரைவில் அகப்பட்டது. கதிரவனின் முனைகளில் விரிந்து பரவிய புலம் சில காஸ் அளவே. அதில் கோடு பிளவுபடுவது கண்ணுக்குப் புலனாகாது. ஆயினும் ஒரு தடயம் எஞ்சுகிறது. புலம் நம்மை நோக்கியோ விலகியோ அமைந்தால், கோட்டின் ஒரு விளிம்பில் வலம்புரியாகவும் மறுவிளிம்பில் இடம்புரியாகவும் சுழலும் ஒளி மிகும். சங்குகளை அவ்வாறு பிரித்துச் சொல்வோம் அல்லவா?

அவ்விரு ஒளிகளின் வேறுபாட்டை அளக்கும் கருவியை 1950களில் ஹாரல்டு பாப்காக்கும் அவர் மகன் ஹொரேஸ் பாப்காக்கும் தொலைநோக்கியுடன் இணைத்தனர். 1957இல் கதிரவனின் தென்முனை தன் காந்தத் தன்மையை மாற்றிக்கொண்டது. வடமுனையோ 1958 நவம்பரில்தான் மாறியது. இடைப்பட்ட ஓராண்டுக்கு மேல் இரு முனைகளும் ஒரே வகைக் காந்தமாய் இருந்தன! இத்தகைய மாற்றம் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்கிறது.

கூர்ந்து நோக்குவதே தொலைநோக்கிக்குச் சிறப்பு என்பர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்காக்ஸ் ஆய்வகமோ வேண்டுமென்றே அகன்ற பரப்பின் ஒளியை ஒன்றுசேர்த்து அளக்கிறது. அப்போது சிறுசிறு எதிரெதிர்ப் புலங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, பெரும்பரப்பின் புலம் எஞ்சுகிறது. வானம் தெளிந்த நாள்களில் 1976 முதல் இப்பணி நடைபெற்று வருகிறது.

சொற்பொருள்: கனலும் – எரியும், வலிதாயின் – வலிமை உடையதானால், தடயம் – அடையாளம், எஞ்சுகிறது – மிஞ்சுகிறது.

விடை எழுதுக:
1. சூரியப் புள்ளிகளின் காந்தம் விரைவில் அகப்பட்டது ஏன்?
2. வில்காக்ஸ் ஆய்வகம் அகன்ற பரப்பின் ஒளியைச் சேர்த்து அளப்பது ஏன்?
3. ‘வலம்புரி’, ‘இடம்புரி’ ஆகிய சொற்களைப் பிரித்து எழுதிப் பொருள் கூறுக.