மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் என்ன செய்யணும்?

டேஷ்போர்டில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. "காடி ஓடுதுல்ல, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறவர்கள் நம்மில் பாதிப் பேர். மீதிப் பேர் நேராகப் பட்டறைக்குப் போய், சொன்னதையெல்லாம் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் சோதித்துப் பார்ப்பது என்று ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் இந்த முறை பார்க்கப் போகிறோம். எடுத்துக்கொள்ளும் பொருள்: ஆக்சிஜன் சென்சார்.

எஞ்சினில் எரிந்து வெளியே போகும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதன் வேலை. அதை வைத்துத்தான் பெட்ரோலைக் கூட்டுவதா குறைப்பதா என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. 1976இல் பாஷ் நிறுவனம் செய்த இந்தச் சென்சார் முதலில் வோல்வோ காரில் வந்தது. இன்று பெரும்பாலான பெட்ரோல் கார்களில் குறைந்தது இரண்டு இருக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடானால்தான் இது ஒழுங்காக வேலை செய்யும். சீக்கிரம் சூடாவதற்காக உள்ளேயே ஒரு குட்டி ஹீட்டர் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தாமானில் ஒரு தம்பி. பகலில் படிப்பு, இரவில் இ-ஹெய்லிங். அவன் காரில் விளக்கு எரிந்தது, பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தது. ஒரு பட்டறையில், "ரெண்டு சென்சார், பிளக், கன்வெர்ட்டர் எல்லாம் மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். அவன் சேர்த்து வைத்திருந்த செமஸ்டர் கட்டணம் முழுக்கப் போய்விடும். "அண்ணே, காடிய விட்டா காசு வராது, காச விட்டா படிப்பு போயிடும்" என்றான்.

ஸ்கேனரை மாட்டிப் பார்த்தோம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் மாட்டுகிற சின்ன கருவிதான், கைத்தொலைபேசியிலேயே படிக்கலாம். வந்தது பி0135. அதாவது முன் சென்சாரின் ஹீட்டர் மின்சுற்றில் குறை. கவனிங்க, "மின்சுற்றில்" என்றுதான் சொல்கிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. பியூஸ் போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், ஹீட்டரே கருகியிருக்கலாம். (கோடை எழுதி வைப்பதற்கு முன் அழித்துவிடாதீர்கள். அதோடு பதிவான விவரமும் போய்விடும்.)

முதலில் பியூஸ். நன்றாக இருந்தது. அடுத்து, எஞ்சின் ஆறியபின் சென்சார் கனெக்டரைக் கழற்றினோம். நாலு ஒயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டுதான் பெரும்பாலும் ஹீட்டருக்கு. சென்சார் பக்கம் அந்த இரண்டிலும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தோம். நல்ல ஹீட்டர் என்றால் சில ஓம் காட்டணும். துல்லியமான அளவு அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும். எங்களுக்கு எதுவுமே காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்த மாதிரி. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கார் பக்கக் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்தோம். வந்தது. ஆக பியூஸ் சரி, மின்சாரம் சரி, ஹீட்டர்தான் காலி. மாற்ற வேண்டியது முன் சென்சார் ஒன்றே ஒன்றுதான். பின் சென்சாரிலும் கன்வெர்ட்டரிலும் குறை இருப்பதாக ஒரு சோதனையும் காட்டவில்லை.

இதே இடத்தில் பி0171 வந்திருந்தால் கதை வேறு. அது, காற்று அதிகம் பெட்ரோல் குறைவு என்று சென்சார் கொண்டு வரும் செய்தி. எங்கேயோ ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்று புகுந்தாலும் அதுதான் வரும். அப்போது சென்சாரை மாற்றினால், புதுச் சென்சாரும் அதையேதான் சொல்லும். தூதனாக வந்த அனுமனைக் கொல்லக் கூடாது என்று வீடணன் தடுத்தானே, அந்த நியாயம் இங்கேயும் பொருந்தும்.

இனி மாற்றும் வேலை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். எக்சாஸ்ட் கையைச் சுடாத அளவுக்கு ஆறியிருக்கட்டும். லேசான சூடு இருந்தால் மரை இளகும். துரு பிடித்திருந்தால் ஊடுருவும் எண்ணெய் அடித்துக் கொஞ்ச நேரம் விடுங்கள். பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் ஸ்பானர் தேவைப்படும். ஒயர் நுழையப் பக்கத்தில் பிளவு உள்ள சாக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது. காரைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது.

புதுச் சென்சாரின் நுனியைத் தொடாதீர்கள். கீழே விழுந்ததைப் போடாதீர்கள், உள்ளே பீங்கான் இருக்கிறது. மரையில் பசை ஏற்கெனவே தடவி வந்திருந்தால் அதுவே போதும். முதலில் கையால் திருகி, மரை சரியாகப் பிடித்தபின் ஸ்பானர் போட்டுக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஒயர் முறுக்காமலும் எக்சாஸ்டில் படாமலும் பழைய வழியிலேயே போகணும்.

கடைசியாகக் கோடை அழித்துவிட்டு, ஸ்கேனரில் முன் சென்சாரின் வோல்ட்டைப் பாருங்கள். எஞ்சின் சூடானதும் 0.1க்கும் 0.9க்கும் இடையே விடாமல் ஏறி இறங்கணும். சில புதிய கார்களில் ஏர்-ஃபியூவல் சென்சார் என்று வேறு வகை இருக்கும். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இரண்டு மூன்று நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்கள். தம்பியின் காரில் கோடு திரும்பி வரவில்லை. மறுநாள் இரவே ஓட்டக் கிளம்பிவிட்டான்.