ஏணிப் போட்டி: முடியாத பபுள் சார்ட்

விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர்ல 128 பேர். முதல் சுற்று முடிஞ்சதும் 64 பேர் அவுட். நம்ம ஹாஸ்டல் ஷட்டில் போட்டியும் இதே நாக்-அவுட்தான்: 16 பேர்ல 8 பேருக்கு ஒரே மேட்ச். நிறைய ஆடிப் பழக வேண்டியவங்களே முதல்ல வெளியே போறாங்க.

இதுக்கு டென்னிஸ் கிளப்புகள் வச்சிருக்கிற வழி 'லேடர்', அதாவது ஏணி. எல்லார் பெயரையும் வரிசையா பலகையில எழுதுங்க. உங்களுக்கு நேர் மேலே இருப்பவரைச் சவாலுக்குக் கூப்பிடலாம். ஜெயிச்சா இடம் மாறும்; தோத்தா அப்படியே. ஒரு வாரத்துல ஆட வரலைன்னா தோற்றதாகக் கணக்குன்னு ஒரு விதி வைங்க. இல்லேன்னா முதலிடத்துக்காரர் ஆடாமலே உட்கார்ந்துடுவார்.

சி லேப்ல எழுதின பபுள் சார்ட் ஞாபகம் வருதா? அதேதான். 10 பேர் தலைகீழ் வரிசையில நின்னாலும் 45 இடமாற்றத்துல சரியாகிடும். ஆனா எண்கள்ல 7 எப்பவும் 5-ஐ விடப் பெரிசு. ஆட்கள் அப்படியா? போன மாசம் தோத்தவர் பழகிட்டு வந்து இந்த மாசம் ஜெயிப்பார். அதனால ஏணிக்குக் கடைசி மேட்ச் கிடையாது.

நாகப்பட்டினத்து கார்த்திகை மழையில கிரவுண்டு ஒரு வாரம் ஊறினாலும் அட்டவணை கெடாது. அந்த வாரக் கெடுவை மட்டும் தள்ளி வைங்க. ஷட்டில், கேரம் எதுக்கும் இது பொருந்தும். பத்துப் பெயர் சேர்ந்தா இந்த வாரமே ஆரம்பிக்கலாம்.