கப்பல்காரர் கூட்டிப்போவதா, நாமே போவதா? பழவேற்காடு, தோணிரேவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காலையில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கிறது, மாலையில் மறுபடி புறப்படுகிறது. நடுவில் ஒரு பகல் கையில் இருக்கிறது. கப்பல் நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு நடத்தும் சுற்றுலாக்கள் பெரும்பாலும் மாமல்லபுரத்துக்கும் மயிலாப்பூருக்கும்தான் போகும். வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு இருக்கிறது. அதன் கரையில், பெயரிலேயே தோணி நிற்கும் தோணிரேவு இருக்கிறது. அங்கே போக நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். சென்னையிலேயே இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை வேன் பேக்கேஜில் சேர்வதா, தானே கிளம்புவதா என்று யோசிப்பவருக்கும் இதே கணக்குதான்.

படி 1: திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

கப்பல் பயணத்தில் மறக்கக் கூடாத விதி ஒன்று. கப்பலே நடத்தும் சுற்றுலாவின் பேருந்து தாமதமானால், கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியே போனவர் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகம் வரை அவர் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பல் இலங்கையின் காங்கேசன்துறையில் நின்றபோது, நல்லூர்க் கோயிலுக்குத் தனியே ஆட்டோ பிடிக்க நினைத்த எவரும் இதே கணக்கைத்தான் போட்டுப் பார்த்திருப்பார்.

கப்பல் கிளம்பும் நேரத்தை விட்டுவிடுங்கள். பயணிகள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அதற்கு முன்பே வந்துவிடும். அதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பழவேற்காட்டிலிருந்து துறைமுகத்துக்குக் காரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் அது போதாது, இன்னும் ஒரு மணி நேரம் சேருங்கள். என் கணக்கில், கரையில் முழுதாக ஒன்பது மணி நேரம் கிடைக்காதவர் பழவேற்காட்டை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு, கப்பல் சுற்றுலாவிலேயே போவது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 2: எதில் போவது

கப்பலில் வந்தவர் நாள் வாடகைக்குக் கார் பேசிக்கொள்ளுங்கள். திரும்பும் நேரத்தை ஓட்டுநரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். சென்னைக்காரருக்குக் கார் தேவையே இல்லை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பழவேற்காடு பேருந்தில் ஏறினால் போதும். பேருந்தில் காலிக் கூடைகளோடு ஏறும் மீன்காரம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்தால், இன்று எது அகப்பட்டது, எது விலை என்று ஊருக்குள் போவதற்கு முன்பே தெரிந்துவிடும். பேக்கேஜ் வேனில் இது கிடைக்காது.

படி 3: ஊரை நடந்து பாருங்கள்

வேன் சுற்றுலாவில் வருகிறவர்களுக்கு டச்சுக் கல்லறையில் பதினைந்து நிமிடம்தான் தருவார்கள். அது போதவே போதாது. வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பலகைகளில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். கற்களின் மேல் உட்காராதீர்கள்.

டச்சுக்காரர்கள் இங்கே 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். இங்கிருந்து துணி போனது. மலேசியாவில் கைலியை இன்றும் ‘கைன் பெலிக்கட்’ என்கிறார்கள். அந்தப் பெலிக்கட், பழவேற்காட்டை வெளிநாட்டார் அழைத்த ‘புலிக்காட்’ என்ற பெயர்தான். துணியோடு மனிதர்களும் போனார்கள். பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கி, பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது புதர் மூடிய மேடு. எலும்புக்கூட்டு வாசலைப் படமெடுப்பவர்கள் அந்த மேட்டின் முன்பும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். பெயர் பொறித்த கல் கிடைக்காதவர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள்.

அருகிலேயே ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும், போர்த்துக்கீசியர் காலத்து மகிமை மாதா கோயிலும், சூரியக் கடிகாரம் உள்ள சின்னப் பள்ளிவாசலும் இருக்கின்றன. பள்ளிவாசலுக்குள் போக ஜமாஅத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் வேண்டாம்.

படி 4: தோணிரேவுக்கு விருந்தாளியாகப் போங்கள்

சொந்தமாகப் போவதன் முழுப் பலனும் இங்கேதான். தோணிரேவில் பார்ப்பதற்கென்று கட்டிவைத்த எதுவும் கிடையாது. பெண்கள் பனையோலையில் கூடையும் மூடிப் பெட்டியும் பின்னுகிறார்கள். ஒரு திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓலையிலிருந்து ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட்டு, ஓலையை ஒரே அகலத்தில் சீவுகிறார் அந்த அக்கா. காய்ந்தால் உடையும் என்பதால் பக்கத்தில் ஈரத்துணி. சாயம் ஏற்றிய ஓலையும் வெள்ளோலையும் மாறி மாறி ஏறி இறங்குகின்றன. மூலை திரும்பும் இடத்தில் மட்டும் கை நிற்கிறது. நகத்தால் மடிப்பை அழுத்துகிறார், பிறகு மறுபடி ஓடுகிறது. “மூல சரியா வந்தா மூடி தானா உக்காரும்மா,” என்றார்.

வாங்குவதானால் நேராக அவர்களிடமே வாங்குங்கள், சொன்ன விலைக்கு வாங்குங்கள். ஒரு பெட்டிக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பார்த்த பிறகு பேரம் பேச வாய் வராது. பேக்கேஜில் போனால் நடுவில் இருப்பவருக்கும் அந்தக் காசில் பங்கு போகும். சொந்தமாகப் போங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

ஏரிக்கரையில் இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். இரண்டு கைகளும் சேற்றைத் தடவிக்கொண்டிருக்கும். பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். கேட்காமல் படமெடுக்காதீர்கள். வேலையில் இருக்கும் ஒருவர் வாயில் கூடையோடு உங்களுக்குப் பதில் சொல்லவும் முடியாது.

மீனவர்களிடம் பேச ஆசையா? “இன்னிக்கு யார் பாடு, அண்ணே?” என்று தொடங்குங்கள். கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில், ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும் பழைய முறைதான் பாடு.

படி 5: படகு விஷயத்தில் உறுதியாக இருங்கள்

“முகத்துவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு” என்று யாராவது கூப்பிடுவார்கள். 2011 டிசம்பர் 25 அன்று, அளவுக்கு மீறி ஆட்கள் ஏறிய உல்லாசப் படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த குடும்பத்தினர், அவர்களில் குழந்தைகளும் உண்டு. யாரிடமும் மிதவை அங்கி இல்லை. அதற்குப் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும்; ஏரியும் கடலும் முட்டும் நீரோட்டம் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. அனுமதியும் ஆளுக்கொரு மிதவை அங்கியும் இல்லாத படகில், எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். ஏரியைப் பாலத்தின் மேலிருந்தும் கலங்கரை விளக்கப் பக்கத்திலிருந்தும் நன்றாகவே பார்க்கலாம்.

படி 6: எப்போது போவது

பூநாரைக்காகப் போகிறவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருப்பதால், கூட்டமாகப் பார்க்க சூளூர்ப்பேட்டை, ஸ்ரீஹரிக்கோட்டை சாலைதான் வசதி. அதையும் தோணிரேவையும் ஒரே பகலில் திணிக்காதீர்கள். ஸ்ரீஹரிக்கோட்டையில் ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்களைக் கடலுக்கு விடமாட்டார்கள், அன்று மீன் இறங்குதளம் வெறிச்சோடிக் கிடக்கும். புயல் சின்னம் இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

குடிநீர், தொப்பி, சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். மதியம் நண்டோ மடவையோ சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். ஓலைப் பெட்டியைப் பைக்குள் அடியில் வைக்காதீர்கள். மடியிலேயே வைத்துக்கொண்டு போனால் மூலை நசுங்காமல் வீடு வந்து சேரும்.